பத்தாவது தடவை கேட்கும்போது: பாட்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

"மாசாமாசம் சந்தா கட்டுறேனே, அதுக்கு மேல எதுக்குங்க பாட்டுக்குக் காசு?"

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை என்று சொன்னதும் என்னிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது. பதினேழு வருஷமாக மைக் வைத்து, ஒயர் சுற்றி, மிக்ஸ் செய்து பிழைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் நானும் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கிற ஆள்தான். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் தேட வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: பின்னணியில் ஓடிப்போகிற பாட்டுக்குச் சந்தா போதும். திரும்பத் திரும்பத் தேடிப்போய்க் கேட்கிற பாட்டுக்குப் போதாது. அதற்குத் தனியாக, முடிந்தவரை நேராக, அந்தக் கலைஞர் கைக்குப் போகிற மாதிரி கொடுக்க வேண்டும். எது எந்த வகை, எவ்வளவு கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்பதற்கு நான் பழகிவைத்திருக்கிற முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வேண்டும். போனில் எழுதினாலும் சரி, ஆனால் காகிதம் நல்லது. ஒரு மாதம் முழுக்க, நீங்களாக விரும்பிப் போட்டுக் கேட்ட ஆல்பத்தின் பெயரை எழுதுங்கள். மறுபடி கேட்டால் பக்கத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். "நீங்களாக விரும்பி" என்பதுதான் இதில் முக்கியம். துணி மடிக்கும்போது ஆப் தானாகப் போட்ட வரிசையை எழுத வேண்டாம். அடுத்தவர் காரில் காதில் விழுந்தது வேண்டாம். ஆப்பே வருஷக் கடைசியில் ஒரு பட்டியல் காட்டுமே என்று கேட்பீர்கள். அது ஓடியதை எண்ணுகிறது, நீங்கள் உட்கார்ந்து கேட்டதையும் தூங்கிப்போன பிறகு ஓடியதையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும்.

என் முதல் மாத நோட்டு இன்னும் இருக்கிறது. நாற்பத்தொரு ஆல்பம் எழுதியிருந்தேன். அதில் இருபத்தெட்டுக்கு ஒரே ஒரு கோடு. ஏழுக்கு இரண்டு, மூன்று. ஆறு ஆல்பத்துக்குத்தான் ஐந்துக்கு மேல். அந்த ஆறில் ஒன்று, ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசித்த பியானோ ஆல்பம். இருபத்து மூன்று கோடு. ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்துக்கொண்டே போய், கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி நின்றது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது: ஏறக்குறைய தினமும் என் ராத்திரியைக் கடத்திவிட்ட மனிதருக்கு என்னிடமிருந்து அந்த மாதம் எவ்வளவு போயிருக்கும்?

கணக்குப் போட்டேன். இதை நீங்களும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகளில் பெரும்பாலானவை உங்கள் சந்தாவை நீங்கள் கேட்ட கலைஞருக்கு அனுப்புவதில்லை. எல்லாருடைய பணத்தையும் ஒரே குடத்தில் ஊற்றுகிறார்கள். சேவை தன் பங்காக முப்பது சதவீதத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. மிச்சம், மொத்த ஓட்டத்தில் யாருடைய பாட்டு எத்தனை சதவீதம் ஓடியதோ அந்த விகிதத்தில் பிரிகிறது. அந்தச் சேவையில் இரண்டே பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நூறு கட்டுகிறேன், இன்னொருவரும் நூறு கட்டுகிறார். நான் அந்தப் பியானோ மட்டும் நூறு தடவை கேட்கிறேன். அவர் கடையில் காலை முதல் இரவு வரை பாட்டு ஓடுகிறது, தொள்ளாயிரம் தடவை. வசூல் இருநூறு. அறுபது சேவைக்கு. மிச்சம் நூற்று நாற்பது. மொத்த ஆயிரம் ஓட்டத்தில் பியானோவுக்குப் பத்து சதவீதம், ஆகவே பதினான்கு. நான் ஒருவரைத்தான் கேட்டேன். என் நூறில் சேவையின் பங்கு போக எழுபது அவர் பக்கம் போயிருக்க வேண்டும். போனது பதினான்கு. மீதி ஐம்பத்தாறு நான் பெயர்கூடக் கேட்டிராதவர்களுக்கு. இரண்டு பேருக்கே இப்படி. கோடிக்கணக்கானவர்கள் ஊற்றுகிற குடத்தில் என் சந்தா கடலில் கரைத்த பெருங்காயம்.

அந்தப் பதினான்கும் அவர் கைக்கு அப்படியே வராது. ஒவ்வொரு ஒலிப்பதிவிலும் இரண்டு உரிமை இருக்கிறது: மெட்டும் வரியும் ஒன்று, அதை வாசித்துப் பதிவுசெய்த ஒலி இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகப் பிரியும். நடுவில் லேபிள், அதாவது ஆல்பத்தை வெளியிடுகிற இசை நிறுவனம், இருந்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற பங்குதான் கலைஞருக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் இன்னொரு விதியும் உண்டு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. சின்ன வட்டத்தில் கேட்கப்படுகிற ஒருவரின் பாட்டை நீங்கள் உயிராகக் கேட்டாலும், அந்தப் பாட்டின் ஓட்டம் ஆயிரத்தைத் தொடாவிட்டால் அந்த ராயல்டியில் அவருக்கு வெறுங்கைதான். சவுண்ட்கிளவுட் என்கிற ஸ்ட்ரீமிங் சேவை 2021இல் சில சுயாதீனக் கலைஞர்களுக்கு, அவரவர் கேட்பாளரின் பணம் அவரவருக்கே போகும்படி ஒரு முறையைத் தொடங்கியது. எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. எல்லா இடத்திலும் அது வரும்வரை நம் கையால் செய்யக்கூடியதைச் செய்வோம்.

இதற்காகச் சந்தாவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். புதிதாகத் தேடிக் கேட்க அதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. சந்தாவைத் தேடுகிற கூலியாக வையுங்கள். பிடித்துப்போனதற்குத் தருகிற விலை வேறு.

அந்த விலைக்கு என் விதி ஒன்றுதான்: பத்தாவது கோடு விழுந்தால் வாங்கிவிடுவேன். மூன்றாவது தடவையில் எல்லாமே பிடித்த மாதிரி இருக்கும். ஆறாவது தடவையில் பாதி ஆல்பங்கள் கைவிட்டுப் போகும். பத்தைத் தாண்டிய எதையும் வாங்கிவிட்டு நான் வருந்தியதில்லை. உங்களுக்கு ஏழோ பதினைந்தோ இருக்கலாம். ஆனால் ஒரு எண்ணை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விட்டால் அந்த அப்புறம் வராது.

மாதத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? நான் சந்தாவுக்குக் கட்டுகிற அதே தொகையை இன்னொரு மடங்கு எடுத்துவைக்கிறேன். என் அனுபவத்தில் ஒரு ஆல்பத்தை டவுன்லோடாக வாங்குகிற விலை பெரும்பாலும் ஒரு மாதச் சந்தாவை ஒட்டியே இருக்கிறது. ஆக மாதம் ஒரு ஆல்பம், வருஷத்துக்குப் பன்னிரண்டு. பத்துக் கோடு விழுகிற ஆல்பம் வருஷத்துக்கு அவ்வளவுதான் எனக்குத் தேறுகிறது. விரலுக்கேற்ற வீக்கம்தான் வேண்டும்; கையைக் கடித்தால் பாதி எடுத்துவையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம் பத்துக் கோடு எதற்கும் விழவில்லையா, பணம் அப்படியே அடுத்த மாதத்துக்குப் போகட்டும். செலவழிக்க வேண்டுமே என்று வாங்காதீர்கள்.

படிக்கிற காலத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை. நண்பனின் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு ஏற்றித்தான் கேட்டேன். அந்த நாடாக்களில் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். சம்பளம் வந்த பிறகு அந்தப் பட்டியலை நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொன்றாக வாங்கினேன். முடிக்க நான்கு வருஷம் ஆனது. சிலதை வாங்குவதற்குள் அந்தக் கலைஞர் இறந்துபோயிருந்தார். அது இன்றுவரை உறுத்துகிறது. அதனால் இப்போது வசதி இல்லாதவர்களுக்குச் சொல்வது: விளம்பரத்தோடு வருகிற இலவசச் சேவையில் கேளுங்கள், நூலகத்தில் இசைத்தட்டு இருந்தால் எடுங்கள், மனசு குறுகத் தேவையில்லை. நோட்டை மட்டும் விடாதீர்கள். பின்னால் கை நிமிரும்போது யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லும்.

இனி, விலை எழுதாத கட்டத்தைப் பற்றி.

சில இடங்களில் கலைஞரே "உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்" என்று விட்டுவிடுவார். 2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்கிற இங்கிலாந்து ராக் குழு தங்கள் ஏழாவது ஆல்பத்தை இப்படித்தான் இணையத்தில் வெளியிட்டது. விலைக் கட்டம் காலியாக இருந்தது, பூஜ்யம் போட்டாலும் பாட்டு வந்தது. அந்தக் காலிக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்தால் எல்லாருக்கும் கை நடுங்குகிறது. அதிகம் போட்டால் ஏமாந்தமோ, குறைத்துப் போட்டால் அல்பமோ என்று. இதற்கு நான் செய்வது: அதே நீளமுள்ள, விலை எழுதியிருக்கிற வேறு மூன்று ஆல்பங்களைப் பார்ப்பேன். நடுவில் இருக்கிற விலையை எடுத்துக்கொள்வேன். அது அடிப்படை. பிறகு இரண்டு கேள்வி. லேபிள் இல்லாமல் சொந்தச் செலவில் போட்டிருக்கிறாரா? ஆம் என்றால் கால் பங்கு கூட்டுவேன். என் நோட்டில் இருபது கோட்டைத் தாண்டியதா? தாண்டினால் இன்னொரு கால் பங்கு. இன்னும் கேட்கவே இல்லை, அறிமுகத்துக்காகத்தான் எடுக்கிறேன் என்றால் பூஜ்யமே போடுவேன். அந்த வாசலைத் திறந்துவைத்தது அவர்தான். பத்துக் கோடு விழுந்த பிறகு மறுபடி அதே பக்கத்துக்குப் போய் முழு விலை கொடுப்பேன். இப்படித் திரும்பிப் போய்க் கொடுப்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தாராளமாகச் செய்யலாம்.

"ஒரு ஆள், ஒரு லேப்டாப், இதுக்கு ஏன் அவ்வளவு?" என்று கூட்டிக் கழிக்காதீர்கள். இந்த இடத்தில் நான் கூடத்துக்குள் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு புல்லாங்குழல் கலைஞர். பாட்டின் நடுவில் எட்டு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு ஒரு துண்டு, கடிகாரத்தில் பதினான்கு நொடி. காலை பத்து நாற்பதுக்கு மைக் முன்னால் நின்றார். ஏசியை அணைத்தாயிற்று, அதன் இரைச்சல் குழலின் மெல்லிய சுரத்தில் ஏறிவிடும். முதல் டேக்கில், அதாவது முதல் தடவை வாசித்துப் பதிந்ததில், மூன்றாவது சுரத்துக்கு முன் மூச்சு இழுக்கிற சத்தம். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஐந்தாவது டேக்கில் மூச்சு மறைந்தது, ஆனால் கூடவே உயிரும் போய்விட்டது. பழைய இடத்துக்கே மைக்கைக் கொண்டுவந்தோம். பன்னிரண்டாவது டேக் எனக்குப் போதும் என்று பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையை ஆட்டினார். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, கடைசிச் சுரம் கீழே இறங்குகிற இடத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டினார். அது தரையைத் தொடாமல் நிற்க வேண்டுமாம். பதினாறாவது டேக்கில் நின்றது. அப்புறமும் மூன்று எடுத்தோம், அதைவிட நன்றாக வருமா என்று பார்க்க. வரவில்லை. வெளியே வந்தபோது மணி ஒன்று பத்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்தப் பதினாறாவது டேக்கைத்தான் நீங்கள் சமையலறையில் கேட்கிறீர்கள். அவருக்கு அன்றைக்கு ஒருமுறைக் கூலி கிடைத்தது. அழைத்து வாசிக்கச் சொல்கிற கலைஞர்களில் பலருக்கு அதற்குப் பிறகு விற்பனையில் பங்கு இருக்காது, ஒப்பந்தம் அப்படி. ஆனால் அந்தக் கூலியை முன்பணமாகப் போட்டவர் ஆல்பத்தின் சொந்தக்காரர். ஆல்பம் விற்றால்தான் அடுத்த ஆல்பத்துக்கு அவர் குழல்காரரை மறுபடி கூப்பிடுவார். விற்காவிட்டால் கணினியில் இருக்கிற குழல் சத்தத்தை வைத்து ஒப்பேற்றச் சொல்வார். என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நானும் செய்துகொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுக்கிற விலை நேரடியாகத் தொடுகிற இடம் இது. லேப்டாப் ஆல்பமும் இதே கதைதான், பதினாறு டேக்குக்குப் பதில் பதினாறு ராத்திரி.

கொடுக்கிற இடம் சரியா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரு தடவை நான் ஒரு ஆல்பத்தை, கலைஞரின் பெயரும் படமும் போட்ட பக்கத்தில் வாங்கினேன். ஒரு வருஷம் கழித்து அவரையே ஒரு பதிவில் சந்தித்தபோது சொன்னேன். அவருக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. யாரோ ஏற்றி விற்றிருக்கிறார்கள். அதிலிருந்து தேடுபொறி காட்டுகிற பக்கத்தில் வாங்குவதில்லை. கலைஞரின் சொந்தத் தளத்துக்கோ அவருடைய சமூக ஊடகப் பக்கத்துக்கோ போய், அங்கே அவர் கொடுத்திருக்கிற இணைப்பு வழியாகத்தான் கடைக்குள் நுழைவேன். இன்னொரு அடையாளமும் உண்டு. ஆல்பத்தின் கீழே, வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்துப் போட்டு ஒரு வருஷமும் ஒரு பெயரும் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் என்பதைச் சொல்கிற குறி அது. ஒலிப்பதிவு உரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961 ரோம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அங்கே கலைஞரின் பெயரே இருந்தால் பதிவு அவர் கையில் இருக்கிறது, உங்கள் பணத்தில் பெரும்பங்கு அவருக்குப் போகும். பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் கலைஞருக்குப் போவது ஒப்பந்தப் பங்கு. அதற்காக வாங்காமல் விடாதீர்கள். ஆனால் கூடுதலாகக் கொடுக்க ஆசை இருந்தால் அதைக் கச்சேரிச் சீட்டுக்கோ, அவர் நேரில் விற்கிற தட்டுக்கோ கொடுங்கள்.

கடைக்கும் கடைக்கும் கழிவு மாறும். கலைஞர்களே நேராக விற்கிற பேண்ட்கேம்ப் என்கிற இணையக் கடை, டவுன்லோடில் 15 சதவீதம், தட்டு போன்ற பொருளில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணம் செலுத்துகிற கட்டணம் அதற்கு மேல் தனி. கலைஞர் வைத்த விலைக்கு மேலேயும் கொடுக்க அங்கே வழி உண்டு. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, கொரோனாவில் கச்சேரியெல்லாம் நின்றுபோன நேரத்தில், ஒரு நாள் தன் பங்கை எடுக்காமல் விட்டார்கள். அதற்குப் பிறகும் பல மாதங்களில் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வைத்தார்கள். அறிவிப்பு வந்தால் நான் அந்த நாள்வரை காத்திருந்து வாங்குவேன்.

பழைய இசைத்தட்டைக் கைமாற்றில் வாங்குவது நல்ல பழக்கம், எனக்கும் அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் காசில் கலைஞருக்கு எதுவும் போகாது. அதை உங்கள் மாதத் தொகையில் சேர்க்காதீர்கள். மிகப் பழைய பதிவுகள் சிலவற்றுக்கு உரிமைக்காலமே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாகின. அவற்றை இலவசமாகக் கேட்கலாம். யாராவது கீறல் சத்தத்தைப் பொறுமையாக நீக்கி, வேகத்தைச் சரிசெய்து வெளியிட்டிருந்தால் அந்த உழைப்புக்குக் கொடுங்கள். வாரக்கணக்கில் காது வலிக்கிற வேலை அது.

எந்த வடிவத்தில் வாங்குவது? டவுன்லோட் என்றால் ஃபிளாக் (FLAC) என்கிற கோப்பு வடிவத்தில் எடுங்கள், தரம் குறையாது, எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து பின்னால் மாற்றிக்கொள்ளலாம். "ஹை ரெசல்யூஷன்" (சிடியைவிட நுணுக்கமான பதிவு) என்று கூடுதல் விலை கேட்டால் நான் தருவதில்லை. 1982இல் வந்த சிடியின் நுணுக்க அளவு (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) கேட்பதற்குப் போதும். பதிவு செய்யும்போது 24 பிட்டில்தான் வேலை செய்கிறேன், அங்கே அது தேவை. ஆனால் முடிந்த பாட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் எனக்கு வித்தியாசம் பிடிபட்டதில்லை, நான் சோதித்துப் பார்த்த சக பொறியாளர்களுக்கும் பிடிபடவில்லை. அந்தக் கூடுதல் தொகைக்கு இன்னொரு ஆல்பம் வாங்கலாம்.

வாங்கியதை இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். இருபத்து மூன்று கோடு விழுந்த அந்தப் பியானோ ஆல்பம், இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் என் சந்தாச் சேவையில் சாம்பல் நிறமாகிவிட்டது. அழுத்தினால் ஓடவில்லை. உரிமம் முடிந்திருக்கும். வாங்கி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்ததால் அன்று ராத்திரியும் கேட்டேன்.

எப்போது செய்வது என்றால், ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மாதத்தின் கடைசி ஞாயிறு, சாயங்காலம் ஒரு மணி நேரம். நோட்டைத் திறப்பேன், பத்தைத் தாண்டியதை வட்டமிடுவேன், வாங்குவேன், இறக்குவேன். கடையில் கலைஞருக்கு ஒரு வரி எழுதுகிற இடம் இருந்தால் கட்டாயம் எழுதுவேன். "அருமை" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த இடம் என்று எழுதுங்கள்: நான்காவது பாட்டில், இரண்டு நிமிஷம் பத்து நொடியில், குழல் இறங்காமல் நிற்கிறதே, அந்த இடம். நம்மூர் தபால்காரர் கொண்டுவந்த கடிதம் மாதிரி அதை எடுத்துவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு இரண்டு ஆல்பம் வாங்கினேன், இருப்பில் முந்தைய மாதத்துப் பணமும் இருந்தது. ஒன்று விலை எழுதியது. இன்னொன்று காலிக் கட்டம். மூன்று ஆல்பத்தின் நடுவிலை, சொந்த வெளியீட்டுக்குக் கால் பங்கு, இருபத்தொரு கோட்டுக்கு இன்னொரு கால். ஒன்பதாவது கோட்டில் நிற்கிற ஒரு செல்லோ ஆல்பத்தை அடுத்த மாதப் பக்கத்தின் முதல் வரியில் எழுதிவைத்திருக்கிறேன்.